சுருட்டுற கை சரியில்லைன்னா வயர் என்ன பண்ணும்? – வயர்மேன் அண்ணன் பதில்கள்

இந்த மாசம் வந்த கேள்வியில பாதிக்கு மேல எக்ஸ்டென்சன் வயர் பத்தித்தான். தீபாவளி வருதுன்னு எல்லாரும் ஸ்டோர் ரூமைத் திறந்து பார்த்திருக்கீங்க போல. நான் மலேசியாவுல பத்தாங் பெர்ஜுந்தையில சின்னதா ஒரு எலக்ட்ரிக் கடை வச்சிருக்கேன் (போர்டுல ஊர் பேரை பெஸ்தாரி ஜெயான்னு மாத்தி ரொம்ப வருசமாச்சு, வாயிலதான் வர மாட்டேங்குது). அதுக்கு முன்னாடி தோட்டத்துல வயர்மேன். கடைக்கு ரிப்பேருக்கு வர்ற எக்ஸ்டென்சனைப் பார்த்தாலே அந்த வீட்டுல யாரு எப்படி சுருட்டுறாங்கன்னு எனக்குத் தெரிஞ்சிரும், அதனால இந்த தடவை மத்த கேள்வியெல்லாம் ஓரமா வச்சிட்டு இதையே பேசிடுவோம்.

அண்ணே, நானும் வீட்டுக்காரரும் பாசார் மாலாம்ல (ராத்திரி சந்தை) வடை, பஜ்ஜி போடுறோம். லைட்டுக்கும் மாவு அரைக்கிற மிஷினுக்கும் 20 மீட்டர் வயர் ரெண்டு இருக்கு. தினம் சாயங்காலம் கடை விரிக்கிறப்ப அந்த சிக்கலைப் பிரிக்கவே அரை மணி நேரம் போவுது. நான் வேன்ல சரியா வைக்கலன்னு அவரு சொல்றாரு, அவரு சுருட்டுனதே சரியில்லன்னு நான் சொல்றேன். யாரு சொல்றது சரி? – வாசகி, கோலசிலாங்கூர்

தங்கச்சி, தீர்ப்பு உங்க பக்கம். ஆனா பத்திரிகையைக் கொண்டு போய் அவரு மூஞ்சிக்கு நேரா நீட்டாதீங்க, ராத்திரி சாமான் ஏத்த ஆள் வேணும்ல.

அவரு எப்படி சுருட்டுவாருன்னு நீங்க எழுதல, ஆனா நான் சொல்றேன் பாருங்க. உள்ளங்கையில ஆரம்பிச்சு முழங்கைக்கு அடியில விட்டு மறுபடி உள்ளங்கை, மறுபடி முழங்கை, கட கடன்னு ஒரே நிமிசத்துல முடிச்சு கடைசி ரெண்டு சுத்தை நடுவுல இறுக்கி கட்டி வேன்ல தூக்கி எறிஞ்சிருவாரு. சரிதானே? நம்ம ஊர்ல பத்துக்கு எட்டு ஆம்பளை இப்படித்தான், நானும் வேலைக்கு சேர்ந்த புதுசுல இப்படித்தான், அதுக்கு மண்டையில ஒரு குட்டு வாங்கின பிறகுதான் திருந்தினேன்.

இதுல என்ன தப்புன்னா, முழங்கையைச் சுத்தி ஒரு சுத்து போடும்போது வயருக்குள்ள ஒரு முறுக்கும் சேர்ந்து ஏறுது. கண்ணுக்குத் தெரியாது. தோட்டத்துல மாடு வச்சிருந்தவங்களுக்கு இது ஈசியா புரியும். முளையடிச்சு மாட்டைக் கட்டிட்டுப் போனா அது மேய்ஞ்சுக்கிட்டே முளையைச் சுத்தி சுத்தி வரும், சாயங்காலம் போய்ப் பார்த்தா கயிறு முறுக்கேறி அங்கங்க குட்டி குட்டியா கொம்பு மாதிரி எழும்பி நிக்கும், அவிழ்த்து விட்டாலும் அந்த முறுக்கு போகாது. அதேதான் இங்கயும். முழங்கை சுத்து ஒண்ணு ஏறக்குறைய 80 செண்டிமீட்டர்னு வச்சுக்குங்க, 20 மீட்டருக்கு 25 சுத்து, அப்படின்னா 25 முறுக்கு. மறுநாள் ஒரு முனையைப் பிடிச்சு நேரா இழுத்தா சுத்து பிரிஞ்சிரும், முறுக்கு பிரியாது. அந்த முறுக்கு எங்கயாவது போய்த்தானே ஆகணும், அதான் வயர் நடுவுல குரங்கு வாலு மாதிரி சுருண்டு சுருண்டு எழும்புது, ஒரு வாலுக்குள்ள இன்னொண்ணு நுழையுது, சிக்கல். அதோடயே ராத்திரி மறுபடி முழங்கையில சுத்தினா இன்னொரு 25.

சிக்கல்கூட பரவாயில்லை, பிரிச்சிரலாம். உள்ள நடக்குறதுதான் பெரிய விசயம். எக்ஸ்டென்சன் வயருக்குள்ள மூணு வயர் இருக்கு – பழுப்பு லைவ், நீலம் நியூட்ரல், பச்சை மஞ்சள் கோடு போட்டது எர்த், கசியுற கரண்டை மண்ணுக்குக் கொண்டு போறது. மூணும் ஏற்கனவே ஒண்ணோட ஒண்ணு முறுக்கித்தான் கம்பெனியில இருந்து வருது, ஒவ்வொண்ணுக்குள்ளயும் முடி மாதிரி மெல்லிசான செம்புக்கம்பி நிறைய இருக்கும். வெளியில இருந்து மேல மேல முறுக்கு ஏத்தினா, இறுக்கி மடிச்சு கட்டினா, அந்த முடிக்கம்பி ஒண்ணொண்ணா அறும். லைவ் அறுந்தா மிஷின் ஓடாது, உடனே தெரிஞ்சிரும். எர்த் அறுந்தா? மிஷின் நல்லாவே ஓடும், லைட் நல்லாவே எரியும், யாருக்கும் எதுவும் தெரியாது. என்னைக்காவது மாவு அரைக்கிற மிஷின் பாடியில கரண்டு கசியும், உங்க கை ஈரமா இருக்கும், அன்னைக்குத்தான் தெரியும். கடைக்கு வர்ற பழைய எக்ஸ்டென்சனை மீட்டர் வச்சுப் பார்க்கும்போது எர்த் செத்துப்போன கேஸ் நான் நிறைய பார்த்திருக்கேன்.

இப்ப சரியான முறை. மேடைக்கு மைக் செட் போடுற பசங்களைக் கவனிச்சுப் பாருங்க, அவங்க எல்லாரும் இதுதான் செய்வாங்க. ஒரு வளையம் மேலாக்க, அடுத்த வளையம் அடியாக்க.

வயரை முதல்ல தரையில நீட்டி விட்டுருங்க. இடது கையில ஒரு முனையைப் பிடிங்க. வலது கையால ஒரு கை நீட்டு வயரை இழுத்து இடது கைக்குக் கொண்டு வாங்க, கொண்டு வரும்போதே கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வயரை லேசா உருட்டி விடுங்க, வளையம் முறுக்காம தட்டையா வந்து உக்காரும். இது மேலாக்க. அடுத்ததுக்கு வலது கையைக் கவுத்து, கட்டைவிரல் கீழ பார்க்குற மாதிரி வயரைப் பிடிங்க, பிடிச்ச கையை நேராக்கிக்கிட்டே கொண்டு வந்து இடது கையில வைங்க, இப்ப மிச்சமிருக்கிற வயர் அந்த வளையத்துக்கு உள்பக்கமா போகும். இது அடியாக்க. அப்புறம் மறுபடி மேலாக்க, மறுபடி அடியாக்க. முதல் வளையம் வலப்பக்கம் ஏத்தின முறுக்கை ரெண்டாவது இடப்பக்கம் கழிச்சிருது, கணக்கு நேராயிருது. முதல் நாலு நாள் கை ஒத்துழைக்காது, கோவம் வரும், வீட்டுக்காரரு பழைய மாதிரி முழங்கைக்குப் போகப் பார்ப்பாரு, விடாதீங்க. ஒரு வாரத்துல கை தானா பழகிரும், பூ கட்டுற மாதிரிதான், விரலுக்குத் தெரிஞ்ச பிறகு கண்ணு தேவையில்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. இப்படிச் சுருட்டின வயர்ல, கடைசியில வெளிய நிக்கிற முனை தவறி வளையத்துக்கு நடுவுல நுழைஞ்சிருச்சுன்னா, இழுக்கும்போது ஒவ்வொரு ஜோடி வளையத்துக்கும் ஒரு முடிச்சுன்னு வரிசையா விழும், சங்கிலி மாதிரி. அதைப் பார்த்துட்டு அண்ணன் சொன்னது பொய்னு எனக்கு மறுபடி எழுதாதீங்க. அந்த முனையை வளையத்தோட பக்கவாட்டுல ஒரு நாடா போட்டு கட்டிட்டா அது எங்கயும் நுழையாது.

ஐயா, எங்க தோட்டத்துக் கோயில் கமிட்டியில லைட் வேலை என் பொறுப்பு. சின்னதும் பெருசுமா ஒன்பது வயர், திருவிழா முடிஞ்சதும் நல்லாத்தான் சுத்தி அரிசி சாக்குல போட்டு வைக்கிறோம். அடுத்த வருசம் எடுத்தா ஒன்பதும் ஒண்ணாயிருது. யாரும் தொடவே இல்ல, சாக்கு மூலையிலதான் கிடக்குது, எப்படிய்யா? – கமிட்டி இளைஞர், பீடோர்

தம்பி, யாரோ பண்ணின சேட்டைன்னு பூசாரிகிட்ட போயிடாதீங்க. இதை ஆராய்ச்சியே பண்ணியிருக்காங்க. அமெரிக்காவுல சான் டியாகோவுல இருக்கிற கலிபோர்னியா பல்கலைக்கழகத்துல டோரியன் ரேமர், டக்ளஸ் ஸ்மித்னு ரெண்டு பேரு ஒரு பெட்டிக்குள்ள நூலைப் போட்டு பெட்டியை உருட்டி உருட்டி 3,415 தடவை பார்த்து, 2007ல எழுதினாங்க. ஏறக்குறைய 46 செண்டிமீட்டருக்குக் குறைஞ்ச நூலுல முடிச்சு விழவே இல்லைன்னு சொல்லலாம், அதுக்கு மேல நீளம் கூடக்கூட மளமளன்னு விழுது, அதுவும் சில வினாடியிலயே. மொத்தம் 120 வகை முடிச்சு கிடைச்சதாம். அடுத்த வருசமே சிரிக்க வச்சு சிந்திக்க வைக்கிற ஆராய்ச்சிக்குக் கொடுக்கிற இக் நோபல் பரிசும் அவங்களுக்குக் கிடைச்சுது. உங்க சாக்குல கிடக்கிறது 46 செண்டிமீட்டரா? சின்ன வயரே பல மீட்டர்! சாக்கை லோரியில ஏத்தி இறக்கி, தேர் கொட்டகையில இழுத்துப் போட்டு, அதுவே போதும்.

அந்த ஆராய்ச்சியில நமக்கு உபயோகமா ரெண்டு விசயம் இருக்கு. முடிச்சு விழறது எப்படின்னா, நூல் சுருண்டு கிடக்கு, அதோட முனை அந்த சுருளுக்கு ஊடால மேல கீழன்னு நுழைஞ்சு நுழைஞ்சு போவுது, சடை பின்னுற மாதிரி. அப்ப முனையே வெளிய இல்லைன்னா? உங்க எக்ஸ்டென்சன்ல ஒரு பக்கம் பிளக், இன்னொரு பக்கம் சாக்கெட். சுத்தி முடிச்சதும் அந்த பிளக்கை அதே வயரோட சாக்கெட்லயே சொருகிருங்க. முடிஞ்சது. அது இப்ப மூடின வளையம், முனை கிடையாது, புது முடிச்சு விழ வழியே இல்லை. கரண்டுல இல்லாத வயர்தானே, தனக்குத்தானே சொருகினா ஒண்ணும் ஆகாது. பிளக் பின்னும் வளையாது, சாக்கெட் ஓட்டைக்குள்ள எறும்பு, குளவி கூடு கட்டுறதும் பாதி குறையும்.

ரெண்டாவது, பெட்டி சின்னதாகி நூலுக்கு அசைய இடம் இல்லாதப்ப முடிச்சும் குறைஞ்சிருக்கு. அதனால ஒன்பதையும் ஒரே சாக்குல போடாதீங்க, ஒவ்வொரு வயரும் தனித்தனி பையில டைட்டா. பழைய அரிசிப் பை, மாவுப் பை எதுவானாலும் சரி, பை மேல மார்க்கர்ல நீளத்தை எழுதிருங்க, வயரோட ரெண்டு முனையிலயும் ஒரே கலர் டேப் ஒட்டிருங்க. பத்து மீட்டருக்கு மஞ்சள், இருபதுக்கு சிவப்பு, இப்படி. திருவிழா அன்னைக்கு ஏழு வயர் தரையில ஓடும்போது எந்த பிளக் எந்த லைட்டுக்குன்னு தேடி, தப்பா ஒண்ணைப் பிடுங்கி, சாமி புறப்படுற நேரத்துல மைக் செத்துப்போறது இருக்கே, அது எல்லா தோட்டத்துக் கோயில்லயும் ஒரு தடவை நடந்திருக்கும்.

50 மீட்டர் தடிச்ச வயர் இருந்தா கையில சுத்த முடியாது, கை வலிக்கும். தரையில எட்டு எண் மாதிரி போடுங்க. எட்டோட ஒரு பக்கம் ஏறுற முறுக்கு மறு பக்கம் இறங்கிரும், மேல சொன்ன மேலாக்க அடியாக்க கதைதான், தரையில நடக்குது அவ்வளவுதான். போட்டு முடிச்சு நடுவுல ரெண்டு இடத்துல கட்டி மடிச்சுத் தூக்கிரலாம். சங்கிலிப் பின்னல் போடுறவங்களும் இருக்காங்க. வயரை ரெண்டா மடிச்சு, மடிச்ச இடத்துல ஒரு கண்ணி போட்டு, அதுக்குள்ள அடுத்த கண்ணியை இழுத்து, குரோஷே பின்னுற அம்மாங்களைக் கேட்டா ஒரு நிமிசத்துல சொல்லித் தருவாங்க. அழகா இருக்கும், ஒரு இழுப்புல கடகடன்னு பிரியும், சிக்கவே சிக்காது. ஆனா கண்ணிக்குக் கண்ணி வயர் மடங்குது, தடிச்ச வயருக்கு அது நல்லதில்லை. மெல்லிசான சீரியல் பல்பு வயர் அந்தப் பக்கம் போகவே கூடாது, பல்பு மாட்டி அறுந்துரும், அதை ஒரு அட்டையில சுத்தி வைங்க.

கேட்காத ஒண்ணையும் சொல்லிடுறேன். ஒரு எக்ஸ்டென்சன் முனையில இன்னொண்ணு, அதோட முனையில இன்னொண்ணுன்னு மாட்டி கோயில்ல இருந்து ரோடு வரைக்கும் இழுக்காதீங்க. ஜாயிண்ட் எல்லாம் புல்லுல, தண்ணியில கிடக்கும், பக்தர்கள் வெறுங்காலு. நீளமான வயர் ஒண்ணே எடுங்க, சாக்கெட்டை செங்கல் மேலயோ கூடை மேலயோ தூக்கி வைங்க. கரண்டு எடுக்கிற டிபி பாக்ஸ்ல (மெயின் சுவிட்ச் பெட்டி) கரண்டு கசிஞ்சா தானா லைனை வெட்டுற ஆர்சிசிபி இருக்கா (நம்ம ஆளுங்க வாயில அது இன்னும் இஎல்சிபிதான்), அதோட டெஸ்ட் பட்டனை அமுக்கினா டப்புன்னு விழுதான்னு கொடியேத்துறதுக்கு முன்னாடியே பார்த்துருங்க. விழலைன்னா வயர்மேனைக் கூப்பிட்டு மாத்துற வரைக்கும் லைன் இழுக்காதீங்க.

வணக்கம் தம்பி. எனக்கு வயசு 71. சிக்கலே வேணாம்னு மகன் 25 மீட்டர் ரீல் ஒண்ணு வாங்கிக் கொடுத்தான், உருளையில சுத்தி வச்சது. பின்னாடி குசினிக்கு மூணு மீட்டர் மட்டும் இழுத்து கெட்டில் போட்டேன். கொஞ்ச நேரத்துல ரீல் சூடாகி ரப்பர் வாடை வந்து தானா கரண்டு நின்னுபோச்சு. புது சாமான்தான். கடைக்காரன் ஏமாத்திட்டானா? – பெரியவர், சுங்கை சிப்புட்

ஐயா, கடைக்காரரு மேல தப்பில்லை, ரீல் உங்களைக் காப்பாத்தியிருக்கு. ஆனா யாராவது உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்திருக்கணும், அது அவரு வேலையும்தான்.

ரீல்ல சுத்தினபடியே பெரிய சாமான் போடக்கூடாது. ரீல் பக்கவாட்டுல ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதுல ரெண்டு கணக்கு போட்டிருக்கும் – சுத்தி இருக்கும்போது இவ்வளவு, முழுசா பிரிச்சா இவ்வளவுன்னு. நிறைய 13 ஆம்ப் ரீல்ல சுத்தி இருந்தா 5 ஆம்ப்தான், அதாவது ஆயிரத்து சொச்சம் வாட்ஸ். முழுசா பிரிச்சாத்தான் 3,000 வாட்ஸ் கிட்ட. உங்க கெட்டில் அடியைத் திருப்பிப் பாருங்க, 2,000க்கு மேலதான் இருக்கும்.

ஏன் சூடாகுதுன்னா, சிலர் சொல்ற மாதிரி சுத்தினதால காந்தம் ஆயி சூடேறுதுங்கறது இல்லை. கரண்டு போற வயரும் திரும்பி வர்ற வயரும் பக்கத்துப் பக்கத்துல இருக்கு, காந்தம் ஒண்ணை ஒண்ணு அடிச்சிரும். இது வெறும் செம்புக்கம்பியோட தடை. நான் கணக்கே போட்டுக் காட்டுறேன். 1.5 சதுர மில்லிமீட்டர் வயர், 25 மீட்டர், போக வர 50 மீட்டர் செம்பு. அதோட தடை 0.66 ஓம் அளவுக்கு வரும். 2,200 வாட்ஸ் கெட்டில் 230 வோல்ட்ல ஏறக்குறைய 9.6 ஆம்ப் இழுக்கும். ஆம்பை ஆம்பாலயே பெருக்கி தடையால பெருக்கினா 60 வாட்ஸ். 13 ஆம்ப் முழுசா இழுத்தா 110 வாட்ஸ். பழைய காலத்து 60 வாட்ஸ் குண்டு பல்பு தொட்டுப் பார்த்திருப்பீங்களே, அந்த சூட்டைத்தான் ரீலுக்குள்ள வச்சு மூடியிருக்கீங்க. வயர் நீட்டிக் கிடந்தா அந்த 60 வாட்ஸ் 25 மீட்டருக்கும் பரவி காத்துல போயிரும், கையில தொட்டா லேசா வெதுவெதுன்னு இருக்கலாம், அவ்வளவுதான். சுத்தி இருந்தா உள்ளடுக்கு சூடு வெளிய போக வழியில்லை, மேலடுக்கு போர்வை மாதிரி மூடிக்குது. சாதாரண பிவிசி வயர் 70 டிகிரி வரைக்கும்தான் தாங்கும்னு கணக்கு, அதுக்கு மேல போனா இளகும், ஒட்டும், அப்புறம் உள்ளுக்குள்ள ஷார்ட்.

உங்க ரீல்ல சூடு ஏறினா தானா வெட்டுற கட் அவுட் இருந்திருக்கு, அதான் நின்னுச்சு. பிளக்கைக் கழட்டி, முழுசா பிரிச்சுப் போட்டு, நல்லா ஆறின பிறகு அதுல இருக்கிற சின்ன பட்டனை அமுக்கினா திரும்ப வரும். ஆனா உடனே கெட்டில் போடாதீங்க. பிரிச்ச வயரை கையில தடவிக்கிட்டே போங்க, எங்கயாவது ஒட்டினாப்புல, இளகினாப்புல, நெளிஞ்சாப்புல இருந்தா அந்த ரீலைத் தூக்கிப் போட்டுருங்க, மகன் வருத்தப்பட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க. குசினிக்கு மூணு மீட்டர்தான் வேணும்னா மூணு மீட்டர் எக்ஸ்டென்சன் தனியா வாங்குங்க, அதைவிட அங்க ஒரு பாயிண்ட் போட்டுக்கிறது உத்தமம். ரீல் கெட்ட சாமான் இல்லை, சிக்கலுக்கு அதை அடிச்சுக்க ஒண்ணும் கிடையாது. புல்லு வெட்ட, துளை போட, பந்தலுக்கு லைட் இழுக்க எடுங்க, எடுக்கும்போது கடைசி சுத்து வரைக்கும் பிரிச்சிருங்க.

இதே மாதிரி, சாதாரண எக்ஸ்டென்சன் நீளம் அதிகம்னு மிச்சத்தை வட்டமா சுத்தி கேபிள் டை போட்டு பிரிட்ஜுக்குப் பின்னாடி தொங்க விடுறவங்களும் இதைப் படிச்சுக்குங்க. பார்க்க நீட்டா இருக்கும். அதுல அயர்ன் பாக்ஸ் மாட்டாத வரைக்கும் சரி.

அண்ணா, சுத்தின வயரைக் கட்ட ராஃபியா கயிறு நல்லதா, கேபிள் டை நல்லதா? – மாணவி, தஞ்சோங் மாலிம்

ரெண்டும் வேணாம்மா. ராஃபியா கயிறு ரெண்டு மாசத்துல நார் நாராப் பிரிஞ்சு அதுவே வயரோட சிக்கும், அவசரத்துக்கு கத்தி வச்சு அறுக்கும்போது வயரையும் சேர்த்து அறுத்த ஆளு என் கடைக்கு வந்திருக்காரு. கேபிள் டை வயர் தோலை இறுக்கிக் கடிக்கும், அவிழ்க்கவும் முடியாது. ஒட்டி ஒட்டிப் பிரிக்கிற வெல்க்ரோ நாடா வாங்குங்க, ஒரு முனையை வயர்லயே நிரந்தரமா மாட்டி வச்சா தொலையாது. கைச்செலவுக்கு இடிக்குதுன்னா பழைய காட்டன் புடவைக் கரையைக் கிழிச்சு நாடாவாக்கி ஒரு சுருக்கு முடிச்சு போடுங்க, அம்மா கேட்டா பழைய புடவைதான்னு சொல்லிக்கலாம்.

ஹாஸ்டல் ரூம்ல மேசைக்கு அடியில மாட்டுறதா இருந்தா எக்ஸ்டென்சன் பாக்ஸைத் தரையில போடாம மேசைக் காலுல கட்டி நிறுத்திருங்க, பாக்ஸ் ஓடாம இருந்தாலே சார்ஜர் வயர் பாதி சிக்காது. ஒவ்வொரு பிளக் தலையிலயும் சின்ன டேப் ஒட்டி எதுக்குன்னு எழுதிருங்க. அப்புறம் ரெண்டு பின் சார்ஜரை மூணு ஓட்டை சாக்கெட்ல பேனா மூடியால குத்தி சொருகுற பழக்கம் இருந்தா இன்னைக்கே விட்டுருங்க, அடாப்டர் ஒண்ணும் விலை இல்லை.

அண்ணே, சுத்தி மூலையில வச்சா எலி கடிச்சிருது. செம்பனைக் காட்டு ஓரத்து வீடு. – வாசகர், தெலுக் இந்தான்

எலிக்குப் பல்லு வளர்ந்துக்கிட்டே இருக்கும், எதையாவது கடிச்சுத் தேய்ச்சாகணும், வயர் அதுக்கு வாகா இருக்கு. தோட்டத்துல எலிக்காக கூகை ஆந்தைக்குப் பெட்டி கட்டி வச்சிருக்காங்க, வீட்டுக்குள்ள அதை வளர்க்க முடியாதுல்ல. தரையில, மூலையில, சாக்குல வைக்காதீங்க. சுவத்துல தொங்க விடுங்க. ஆணியில தொங்க விட்டா வயர் ஒரே இடத்துல மடங்கி நாளைக்கு அங்கதான் தோல் வெடிக்கும், அதனால ஒரு பழைய பெயிண்ட் டின்னைச் சுவத்துல படுக்க வச்சு அடிச்சு அதுமேல மாட்டுங்க, வளைவு பெருசா கிடைக்கும், டின் உள்ள பிளக்கு, அடாப்டர் போட்டுக்கலாம். மோட்டார் சைக்கிள் கடையில தூக்கிப் போடுற பழைய ரிம்மும் அருமையா இருக்கும். இல்லைன்னா மூடி போட்ட பெரிய பெயிண்ட் வாளி. அடியில பக்கவாட்டுல ஒரு ஓட்டை போட்டு பிளக்கை வெளிய விட்டுட்டு மிச்ச வயரை உள்ள வட்டமா இறக்கிக்கிட்டே வந்தா, எடுக்கும்போது மேல இருந்து உருவிக்கலாம், எலியும் நுழையாது. மூடுறதுக்கு முன்னாடி வயரைத் துணியால துடைச்சு காய வைங்க, ஈரத்தோட மூடினா பித்தளைப் பின்னு பச்சை பிடிச்சிரும்.

கடிச்ச வயருக்கு டேப் சுத்தி ஓட்டலாமான்னு அடுத்து கேட்பீங்க. முடியாது. அந்த இடத்துல வெட்டி, ரெண்டு துண்டுல நல்ல துண்டை வச்சு புது பிளக்கு போடச் சொல்லுங்க, வயர் குட்டையாகும், அவ்வளவுதான்.

மாமா, புது வயர் வாங்குறப்ப என்ன பார்க்கணும்? கடையில எல்லாம் ஒரே மாதிரி வெள்ளையா இருக்கு. – வாசகி, கூலிம்

சிரிம் லேபல் (மலேசியாவுல தரம் பார்த்து ஒட்டுற முத்திரை) இருக்கான்னு பாருங்கம்மா, அது இல்லைன்னா விலை பேசவே வேணாம். வயர் தோல் மேலயே குட்டி எழுத்துல கனம் எழுதியிருக்கும், வீட்டு உபயோகத்துக்கு 1.25 இல்ல 1.5 சதுர மில்லிமீட்டர் எடுங்க. 0.75 போட்ட மெல்லிசு வயர்ல 13 ஆம்ப் பியூஸ் மாட்டி வித்தா எடுக்காதீங்க, அந்த வயர் 6 ஆம்ப் அளவுக்குத்தான், பியூஸ் போறதுக்கு முன்னாடி வயர் போயிரும். சிக்கல் கணக்குல பார்த்தா கனமான வயருக்கு ஒரு லாபம் இருக்கு, அது சீக்கிரம் முடிச்சாகாது. மெல்லிசு வயர்தான் தலைமுடி மாதிரி. அப்புறம் தேவைக்கு மேல நீளம் வாங்காதீங்க. ஆறு மீட்டர் வேணும்னா எட்டு வாங்குங்க, இருபது வாங்கி பன்னெண்டை வருசம் பூரா சுத்தி வச்சுக்கிட்டு சிக்குது சிக்குதுன்னு சொல்லக்கூடாது.

அண்ணே, எல்லாம் சரி, இப்ப ஏற்கனவே சிக்கிக் கிடக்கிற மூட்டையை என்ன பண்றது? மூணு வயர், மாமனாரு காலத்துல இருந்து யாரும் பிரிக்கல. – மருமகள், லாபிஸ்

இழுக்காதீங்க, அதான் முதல் விசயம். இழுத்தா முடிச்சு சுருங்கும். வெயில்ல ஒரு கால் மணி நேரம் போடுங்க, பிவிசி கொஞ்சம் இளகி சொன்ன பேச்சு கேட்கும். அப்புறம் அஞ்சடியில (வாசல் நடைபாதை) பரப்பி வச்சு, ரெண்டு கையாலயும் மூட்டையை லேசா உதறி உதறி எல்லா கண்ணியையும் பெருசாக்குங்க, பரோட்டாவை அடிச்சு உதிர்க்கிற மாதிரி. நடுவுல கை விட்டு அகட்டுங்க. சாக்கெட் பாக்ஸ் பெருசு, அது எந்தக் கண்ணியிலயும் நுழையாது, அதனால பிளக் முனையைத் தேடிப் பிடிச்சு அந்தப் பக்கமிருந்தே பிரிச்சுக்கிட்டு வாங்க. ஒரு வயரைப் பிரிச்சு முடிச்சதும் பக்கத்துல வைக்காம நேரா நீட்டிப் போட்டுருங்க, வாசல்ல இருந்து ரோடு வரைக்கும். ஒரு முனையைப் பிடிச்சு லேசா உதறிக்கிட்டே நடந்தீங்கன்னா பழைய முறுக்கு மறு முனையில சுழண்டு வெளிய போயிரும், பார்க்கலாம் நீங்களே, சாக்கெட் பாக்ஸ் தரையில தானா உருளும்.

மாமனாரு காலத்து வயர்னு சொன்னதால இன்னொண்ணு. உள்ள சிவப்பு, கருப்பு, பச்சைன்னு வயர் இருந்தா அது ரொம்பப் பழசு. தோலை ரெண்டு விரல்ல மடிச்சுப் பாருங்க, கீறல் விட்டா பிரிக்கிற கஷ்டமே உங்களுக்கு வேணாம், பிளக்கை வெட்டிட்டு பெசி புரோக்குக்காரருக்கு (பழைய இரும்பு வாங்குறவரு) போட்டுருங்க, செம்புக்கு காசு கொடுப்பாரு.